ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பாகை

கணக்கு டீச்சர் முதலில் வரைந்தது தன்னுடைய வட்டத்தைத்தான். கரும்பலகைக்கான பெரிய மரக் காம்பஸின் ஒரு காலில் சாக்பீஸைத் திருகி, மறு கால் நழுவாதபடி இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சில் சுற்றினார். நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம், வட்டத்துக்கு முந்நூற்று அறுபது பாகை, அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பாகை என்று மூலையில் எழுதினார். பிறகு கோணமானியை வைத்துத் தன் ஞாயிற்றுக்கிழமையைத் துண்டு போட ஆரம்பித்தார். தூக்கத்துக்கு இவ்வளவு, பூசைக்குப் போய்வர இவ்வளவு, சமையலுக்கும் துவைக்கவும் இவ்வளவு. எல்லாம் போக அறுபது பாகை மிஞ்சியது. சாக்பீஸைப் படுக்கவைத்து அந்தத் துண்டை முழுக்கத் தேய்த்து நிரப்பிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இது டி.வி. நாலு மணி நேரம். எங்க வூட்டு ஆன்டெனாவ பெங்களூர் பக்கமா திருப்பி வச்சிருக்கோம். பாதி நேரம் இந்தியில பேசறாங்க. எனக்கு இந்தியில ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் எந்திரிக்க மாட்டேங்கறேன். ஏன்னு இன்னைக்குப் பாக்கலாம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆசிரியர் தன் குறையைக் கரும்பலகையில் அளந்து காட்டுவதை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரத்தில், அறிவியல் ஆசிரியர் என்கிற முறையில், கண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "சார், நீங்களும் ஒண்ணு வரைங்க." நான் வட்டம் போட்டேன். தூக்கம், பள்ளி, படிப்பு, சமையல், நடை என்று இல்லாத நடையை எல்லாம் சேர்த்து இருபத்து நாலு மணி நேரத்தையும் நிரப்பினேன். படம் பார்ப்பதற்கு ஒரு பாகைகூட ஒதுக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து, "அஞ்சு மணி ஆட்டம் எங்கீங்க சார்?" என்று ஒரு குரல் வந்தது. அப்போதுதான் வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என் வட்டத்தையும் அழிக்கவில்லை. அது மணி அடிக்கும்வரை கரும்பலகையிலேயே இருந்தது.

எண்பதுகளின் நடுவில், பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. எனக்கு முதல் வேலை. வயது இருபத்து நாலு. தகுதிகாண் காலம் இரண்டு வருடம்; அது முடியும்வரை தலைமை ஆசிரியரின் ஒரு வரிக் குறிப்பில் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது நினைத்தேன். பின்னாளில் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வருடத்தையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு நாற்பது தாண்டியிருக்கும். கம்பைநல்லூர்ப் பக்கம் ராகியும் கடலையும் விளைவித்த கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். தருமபுரியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். இறங்கிய பிறகு ஒன்றரை மைல் நடை. செருப்பெல்லாம் செம்மண்ணாக வந்து, பள்ளிக் குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவார். பிரம்பு எடுக்க மாட்டார், கத்தவும் மாட்டார். தவறான விடை சொன்ன பிள்ளையிடம், "சரி, இதே வழியில போய் எங்க முட்டுதுன்னு பாத்துட்டு வா" என்பார். போய் முட்டிவிட்டு வரும்வரை காத்திருப்பார்.

அந்த வருடம் ஆடி முடிந்த கையோடு ஊருக்கு வீடியோ கொட்டாய் வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த கடலைக் கிடங்கு ஒன்றில் கலர் டி.வி. ஒன்றும் கேசட் ஓட்டும் டெக் ஒன்றும் வைத்து, ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள் என்று பிரித்திருந்தார்கள். வார நாட்களில் மதியம் ஒரு ஆட்டம், மாலை ஐந்து மணிக்கு ஒரு ஆட்டம். சனி, ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை முழுப் படம். அதை நடத்தியவர் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவரும் எட்டாம் வகுப்புக்கு பெஞ்சு வாங்கிப் போட்டவரும் அவரே. கொட்டாய்க்காரர் என்றுதான் அவரை இங்கே சொல்லப் போகிறேன். வேறு எப்படிச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய சாமர்த்தியம் படத்தைப் போடுவதில் இல்லை, நிறுத்துவதில் இருந்தது. வார நாள் ஆட்டத்தில் பாதிப் படம்தான் ஓடும். கதாநாயகனைக் கட்டிப்போட்டிருக்கும் இடத்திலோ, கதவைத் திறந்தால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவேண்டிய இடத்திலோ டெக்கை நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு" என்பார். அந்த இரண்டு சொல் போதும். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் வேலியில் இருந்த சந்து வழியாகப் போய்விடும். பத்தாம் வகுப்பில் நாற்பத்தைந்து பேர் காலையில் இருப்பார்கள். மதியம் இருபது பேர் இருந்தால் பெரிது. தலைமை ஆசிரியரிடம் டீச்சர் முறையிட்டபோது, அவர் ஜன்னல் வழியே தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாராம். பிறகு டீச்சர் நேராகக் கொட்டாய்க்காரரிடமே போனார். பள்ளி நேரத்தில் பிள்ளைகளை உள்ளே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றைய ஐந்து மணி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் வாசல் சாக்குக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேசியது முழுவதும் கேட்டது. "நான் வூடு வூடாப் போய் கூப்புடலைங்க டீச்சர். அதுங்களா வருதுங்க. உங்க பாடம் நல்லா இருந்தா இங்க எதுக்கு வருதுங்க?" என்றார் அவர். டீச்சர் திரும்பிப் போனார். நான் மீதி டீயைக் குடித்தேன்.

ஆமாம், நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பேச ஆளில்லை. ஐந்து மணிக்கு மேல் அந்த ஊரில் எனக்கு ஒன்றுமே இல்லை. வாத்தியார் என்பதால் கொட்டாய்க்காரர் எனக்குத் தனியாக நாற்காலி போட்டு, டிக்கெட் கேட்காமல் உட்காரவைத்தார். முதலில் வாரம் ஒரு நாள் போனேன். பிறகு எல்லா நாளும். சனிக்கிழமை இரண்டு மணி ஆட்டத்தைத் தவறவிட்டதே இல்லை. பார்த்த படத்தையே மறுபடி பார்த்தேன். பகலில் பாடம் நடத்தும்போதுகூட, நிறுத்தப்பட்ட இடத்திலேயே மனம் நின்றிருக்கும்.

டீச்சருக்கு இது தெரியும். தெரிந்தும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை நீதிபோதனை. வழக்கமாக அதில் யாராவது ஒரு பையனைக் கதை படிக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் தூங்குவார். அந்தப் பிரிவேளையை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். வட்டம் வரைவது அந்த வகுப்பில்தான் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் சனிக்கிழமையை ஒரு தாளில் வட்டமாக வரைந்து, துண்டு போட்டு, படம் பார்க்கும் நேரத்தைக் கறுப்பாக நிரப்பவேண்டும். பின்பக்கத்தில் சிறியதாகப் பெயர் எழுதவேண்டும். தாளை டீச்சர் மட்டும்தான் பார்ப்பார். "பொய் எழுதுனா உன் கணக்குதான் தப்பாகும், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அவர் படம் பார்ப்பது பாவம் என்று சொல்லவில்லை. கண் கெட்டுவிடும், குடும்பம் கெட்டுவிடும் என்று பயமுறுத்தவும் இல்லை. "மீதி நாளைக்கு" என்கிற அந்தத் தந்திரத்தைத்தான் பாடமாக எடுத்தார். கதை நிற்கிற இடத்தில் நம் மனம் ஏன் நின்றுபோகிறது, யார் அதை அங்கே நிறுத்தியது, நிறுத்தியவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒரு சோதனை வைத்தார். பாதிப் படம் பார்த்த மறுநாள் போகாமல் இருக்கவேண்டும். மீதி என்ன ஆச்சோ என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது எத்தனை மணி வரை கேட்கிறது, எப்போது மறந்துபோகிறது என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். பிள்ளைகளுக்கு அது பந்தயம்போல ஆகிவிட்டது. சாயங்காலம் மாட்டை அவிழ்க்கப் போகும்போது மறந்துவிட்டது என்று ஒருத்தன் எழுதியிருந்தான். மூன்று நாள் ஆகியும் மறக்கவில்லை, நானே ஒரு முடிவைக் கட்டிக்கொண்டேன், அதற்குப் பிறகு சரியாகிவிட்டது என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். டீச்சர் அந்தத் தாளை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பெயரைச் சொல்லவில்லை. அது முதல் பெஞ்சுப் பெண்ணின் எழுத்து என்று எனக்குத் தெரியும்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் அவளைத் தாண்ட ஆள் இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மாவும் இரண்டு தம்பிகளும் இரண்டு மாடுகளும் அவள் பொறுப்பு. பத்தாவது முடித்ததும் அவளை பாலிடெக்னிக்கில் சேர்க்கவேண்டும் என்று டீச்சர் அப்போதே விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். முதல் மாதம் அவள் கொடுத்த வட்டத்தில், மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை நாற்பத்தைந்து பாகை கறுப்பு. தாளைப் பார்த்த டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வட்டத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே, சும்மா இருக்கிற நேரம் எங்கே என்று கேட்டார். நாலரைக்கு எழுந்து தண்ணீர், சாணி, களி கிண்டுவது, தம்பிகள், துணி, புல் என்று எல்லாம் பாகை பாகையாகச் சரியாக இருந்தது. அவள் கறுப்புத் துண்டின் மேல் விரல் வைத்தாள். "இதுதானுங்க டீச்சர்."

அன்று டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து வெகுநேரம் விடைத்தாள் கட்டைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரே வட்டத்தக் குடுத்தது என் தப்பு சார்" என்றார். அடுத்த வாரமே பெண்களுக்காக ஒரு ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை மதியம் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு. அதில் ஒரு மணி நேரம் கணக்கு, மீதி நேரம் வளையம் வீசி விளையாடலாம், வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கலாம், யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. அதற்காகச் சனிக்கிழமையும் அவர் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வந்தார். மார்கழிக்குள் பெண்கள் யாரும் கொட்டாய்க்குப் போகவில்லை. பையன்களும் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். மதியம் வகுப்பில் தலைகள் கூடின. முதல் பெஞ்சுப் பெண் இரண்டாவதாக ஒரு வட்டம் வரைந்து கொடுத்தாள். அதில் கறுப்பே இல்லை. கயிற்றுக்கு மறு பக்கம் காலியாகக் கிடப்பதை என் நாற்காலியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாய்க்காரர் எனக்கு டீ அனுப்புவதை நிறுத்தியிருந்தார்.

தை மாதம் பள்ளி ஆண்டு விழா வந்தது. கல்வி அதிகாரி வருகிறார், கண்காட்சி வைக்கவேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். பொறுப்பு என்னுடையது. கணக்கு டீச்சர் அந்த வட்டங்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தாள். முதலில் வரைந்தது ஒன்று, பிறகு வரைந்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவேண்டும், பெயர் எங்கேயும் தெரியக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன்.

அறையில் சுவர் போதவில்லை. பாதிச் சுவரை என்னுடைய அறிவியல் மாதிரிகள் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் ஒட்ட முடியும் என்றதும் முதல் வட்டங்களையே எடுத்தேன். அவற்றில்தான் கறுப்பு எடுப்பாக இருந்தது. பெயர் இல்லாமல் ஒட்டினால் ஆசிரியர்களே வரைந்தது என்று அதிகாரி நினைத்துவிடுவார் என்று தோன்றியது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே சிவப்பு மையால், குண்டு குண்டாக, பெயரும் வகுப்பும் எழுதினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது. டீச்சர் அன்று காலை முதல் பெண்களுக்குப் பாட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கண்காட்சி அறைக்குள் அவர் வந்தபோது பெற்றோர் ஏற்கனவே நிறைந்திருந்தார்கள்.

முதல் பெஞ்சுப் பெண்ணின் அப்பா அன்று வந்திருந்தார். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றவேண்டி தருமபுரியில் நிறுத்தியிருந்தார்களாம். ஒரு நாள் கிடைத்தது என்று மகளின் பள்ளியைப் பார்க்க வந்துவிட்டார். சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது. மகளின் பெயரைச் சுவரில் பார்த்ததும் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஒருவரிடம், இந்தக் கறுப்பு என்னவென்று கேட்டார். சனிக்கிழமை இரண்டு முதல் ஐந்து, வீடியோ என்று அவர் படித்துச் சொன்னார். கொட்டாய்க்குப் போன மாதங்களில் சனிக்கிழமை எல்லாம் பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். அப்போது அப்படி ஒரு வகுப்பே இல்லை. வீட்டில் பொய் சொன்னவள் டீச்சருக்கு மட்டும் உண்மையை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. கொட்டாய்க்குப் போனேன், இப்போது போவதில்லை என்றாள். அவ்வளவில் நின்றிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். ஆனால் கூட்டத்தில் கொட்டாய்க்காரர் நின்றிருந்தார். ஊர்ப் பெண்களின் பெயர் சுவரில் வரிசையாக இருப்பதையும் அப்பாக்கள் முகம் மாறுவதையும் பார்த்தவுடன், பழி தன் மேல் வரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிதானமாகத்தான் சொன்னார். "என் கொட்டாயில பொம்பளப் புள்ளைங்கள உள்ளயே வுடறதில்லைங்க. பெரிய பொம்பளைங்க வந்தா வருவாங்க, அவ்வளவுதான். இந்தப் புள்ள எங்க போச்சோ, எனக்குத் தெரியாது."

அந்தச் சொல் என்ன செய்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் வீட்டில் இல்லை, பள்ளியிலும் இல்லை, கொட்டாயிலும் இல்லை என்றால் பதினைந்து வயதுப் பெண் எங்கே போனாள்? அவளோடு போன மற்றப் பெண்கள், சும்மா வரைந்தது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, தங்கள் அப்பாக்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். கொட்டாய்க்குப் போன பையன்கள் அடிக்குப் பயந்து ஏற்கனவே நழுவியிருந்தார்கள். அவளுடைய அப்பா குரலை உயர்த்தவில்லை. "தொப்பூர் எறக்கத்துல உசுர கையில புடிச்சிக்கிட்டு வண்டி ஓட்டறேன் டீச்சர். என் புள்ள எங்க போச்சுன்னு இப்ப யாரக் கேக்கறதுங்க?" என்றார்.

டீச்சர் முன்னால் வந்தார். இந்தப் பிள்ளை சொல்வது உண்மை, கொட்டாயில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். "நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார் கொட்டாய்க்காரர். டீச்சர் ஒரு நாளும் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

சனிக்கிழமைதோறும் அவளைப் பார்த்திருக்கிறேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது வரிசையில், தாவணி முனையை வாயில் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவளிடம் முடிந்துவிட்டதா என்று கேட்பாள். இதில் ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கல்வி அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார், தலைமை ஆசிரியர் அவருக்குப் பின்னால் நிற்கிறார், மாணவர்களுக்குப் பாடம் சொன்ன நானே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். கொட்டாய்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு எனக்கு டீ கொடுக்கும்போது பார்த்த அதே பார்வை. முதல் பெஞ்சுப் பெண்ணும் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. சார் இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற முகம் அது.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

அவளுடைய அப்பா மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். புத்தகப் பை வகுப்பிலேயே கிடந்தது. திங்கட்கிழமை தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். கல்வி அதிகாரி வட்டங்களைப் பார்த்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

அந்த வாரம் டீச்சர் என்னிடம் வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். சுவரில் இருந்தது என் கையெழுத்து என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "வாங்க சார், அந்தப் புள்ள வூட்டுக்குப் போய் சொல்லிட்டு வந்துடலாம். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போயிடல" என்றார். கூட்டத்தில் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதும். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். திரும்பி வந்தவரிடம் பள்ளி எழுத்தர் விசாரித்தபோது, அவர் சொன்னதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். அம்மா அழுதாளாம். அப்பா சொல்லிவிட்டுப் போனதை மாற்ற முடியாது என்றாளாம். அந்தப் பெண் மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, "நெசத்த எழுதச் சொன்னீங்க, எழுதினேனுங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாளாம்.

பொதுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. வைகாசியில் ஓசூருக்கு அப்பால் ஒரு தூரத்து உறவில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனாள் என்று தெரியாத பெண்ணுக்குச் சீக்கிரம் முடித்துவிடவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே கணக்கு டீச்சர் போய்விட்டார். பெண் பிள்ளைகளின் பெயரைச் சுவரில் எழுதி அவமானப்படுத்தியதாக ஊரார் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து கொட்டாய்க்காரருடையது. விசாரணை வந்தபோது, அந்த வட்டங்கள் கணக்கு டீச்சரின் ஏற்பாடு என்று ஆசிரியர்கள் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். அது பொய்யில்லைதானே என்று சொல்லிக்கொண்டு நானும் எழுதிக் கொடுத்தேன். பெயரை எழுதியது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்டிருப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. என் வேலை நிலைத்தது என்பது மட்டும் தெரியும். மலை மேல் ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். பஸ் போகாத ஊர். கிளம்புகிற அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "பத்தாம் வகுப்புக்கு வடிவியல்ல இன்னும் ரெண்டு கணக்கு பாக்கி இருக்குதுங்க. யாராவது நடத்திடுங்க." யாரும் நடத்தவில்லை.

கொட்டாயை யாரும் மூடவில்லை. மூன்று நாலு வருடத்தில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, போவதற்கு ஆளில்லாமல் அது தானாக நின்றது. கிடங்கில் மறுபடி கடலை மூட்டை அடுக்கினார்கள். பள்ளியின் முன் வளைவில் கொட்டாய்க்காரரின் பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது. நன்கொடையாளர் என்று போட்டிருக்கிறது. நான் பதவி உயர்வு பெற்றேன், தலைமை ஆசிரியரானேன். கடைசிப் பத்து வருடம் பள்ளி பள்ளியாகப் போய்ச் செல்போனைப் பற்றிப் பேசினேன். மாவட்டத்தில் இந்த விஷயத்தில் நன்றாகப் பேசுகிறவர் என்று எனக்குப் பெயர். கதையை நிறுத்துகிற தந்திரத்தைச் சொல்வேன், ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பாகை என்பேன், பிள்ளைகளை வரையச் சொல்வேன். கை தட்டுவார்கள். பெயர் எழுதாதீர்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். அதை அக்கறை என்று ஆசிரியர்கள் பாராட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் யாருடைய பாடம் என்று ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, பாராட்டு விழா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தருமபுரியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அழைப்பிதழ் ஒரு சாக்கு. மகன் வெளியூரில் இருக்கிறார், டீச்சர் தனியாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேல்; ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நாற்காலியைத் திரைக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இருங்க சார், விளம்பரம் வரட்டும்" என்றார். உட்கார்ந்தேன். யாரோ ஒருத்தி கதவைத் திறக்கப் போனாள், இசை உயர்ந்தது, விளம்பரம் வந்தது.

டீச்சர், அன்றைக்கு நான், என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாகத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணு போன வருசம் வந்துச்சுங்க சார். பேத்தியக் கூட்டிக்கிட்டு. ஓசூர்ல கம்பெனியில சமையல் வேலை செய்யுதாம். சாப்புட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. போறப்ப, அறிவியல் சார் இருக்காருங்களான்னு கேட்டுச்சு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எட்மாஸ்டரா இருக்காரு, ஊரு ஊராப் போயி புள்ளைங்களுக்குப் புத்தி சொல்றாருன்னு சொன்னேன்."

"அதுக்கு அது என்னங்க சொல்லிச்சு?"

"சரிங்கன்னுச்சு" என்றார் டீச்சர்.

விளம்பரம் முடிந்தது. அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழைப்பிதழை மேசை மேல் வைத்துவிட்டு, போய் வருகிறேன் டீச்சர் என்று இரண்டு முறை சொன்னேன். டி.வி. சத்தம் அதிகமாக இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.